இங்க்ரிட் வந்தாச்சு

டார்லாவுக்குக் குழந்தை பிறந்து ஒரு வாரம் ஆகியும் ஒரு ஈ காக்கைகூட "வாழ்த்துகள்" என்று சொல்லவில்லை. டுலூத் நகர ஆஸ்பத்திரிக்குப் பனியில் வந்து சேர்ந்தவர்கள் எல்லாரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "மனசைத் தளர விடாதே" என்றார்கள். ஏன் தளரணும்? என்ன, இங்க்ரிட் மூன்று மாதம் முந்திக்கொண்டு வந்துவிட்டாள். கண்ணாடிப் பெட்டிக்குள் உள்ளங்கை அளவில் கிடந்தாள். தொண்டையில் மூச்சுக் குழாய் இருந்ததால் வாயைக் கோணி அழுதாலும் சத்தம் வராது. பெற்றவளே அந்தக் குரலை இன்னும் கேட்கவில்லை. ஆனாலும் வந்துவிட்டாள் அல்லவா?

அக்கா ஜேனெல் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, பெட்டிப் பக்கம் பார்க்காமலே பேச்சை எடுத்தாள்.

"சனிக்கிழமை சர்ச்சுல வச்சிருந்த பேபி ஷவர் விருந்தை நிறுத்திட்டேன்டி. எல்லாருக்கும் போன் பண்ணியாச்சு. தொட்டிலைக்கூட கடையில திருப்பி எடுத்துக்கறாங்களாம்."

"யாரைக் கேட்டு நிறுத்தின?"

"கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம்னுதான்..."

"எதைப் பார்க்கணும்? வாயைத் திறந்து சொல்லு, அக்கா."

ஜேனெல் ஈரக் கையைத் துண்டில் துடைக்க ஆரம்பித்தாள். சொல்ல முடியுமா அதை? அடிவயிற்றுத் தையல் சுரீரென்று இழுக்க, டார்லா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"செத்துப் போயிடுவாளோன்னு பார்க்கற. எனக்கு மட்டும் அந்தப் பயம் இல்லையா? ஆனா கேட்டுக்கோ. அவ இருந்தாலும் போனாலும், அவ வந்ததுக்கு விருந்து வச்சுத்தான் ஆகணும். கேக் வரணும், பலூன் வரணும். நிறுத்தின வாயாலயே எல்லாரையும் கூப்பிடு."

சனிக்கிழமை எல்லாரும் வந்தார்கள். சர்ச்சின் அடித்தளக் கூடத்தில், இளஞ்சிவப்பு பலூன்களுக்குக் கீழே, எழவு வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி காப்பியை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டார்லா பரிசுகளைப் பிரித்து, ஒரு காலுறையைத் தூக்கிக் காட்டினாள்.

"இதுக்குள்ள என் பொண்ணு முழுசா படுத்துத் தூங்குவா. சிரிங்க, சிரிச்சா வரி போட மாட்டாங்க."

யாரும் சிரிக்கவில்லை. அப்போது போன் அடித்தது. ஆஸ்பத்திரியில் குழந்தையோடு இருந்த கணவன் டேல். எதுவானாலும் எல்லாரும் கேட்கட்டும் என்று டார்லா ஸ்பீக்கரில் போட்டாள்.

"குழாயைப் பிடுங்கிட்டா," என்றான் டேல்.

"யாரு, நர்ஸா?"

"உன் பொண்ணு. தானே இழுத்துப் போட்டுட்டா. டாக்டர் திரும்ப மாட்ட ஓடி வந்தார். பார்த்தா இவ தானாவே மூச்சு விடறா. இப்போதைக்கு மூக்கு வழியா காத்து மட்டும் குடுக்கறாங்க. நாளைக்கே மறுபடி மாட்ட வேண்டி வரலாமாம். ஆனா இப்ப விடறா, டார்லா. இந்தா, கேளு."

பூனைக்குட்டி கத்துகிற மாதிரி, கம்மிப்போன ஒரு சின்னக் குரல். தாயைப் போல பிள்ளை என்று சும்மாவா சொன்னார்கள்! யார் சொன்னாலும் நிற்கிற அழுகையாக அது இல்லை.

ஜேனெல் கேக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வந்து தங்கையைக் கட்டிக்கொண்டாள். "வாழ்த்துகள்டி," என்றாள், மூக்கை உறிஞ்சியபடி.

டார்லா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"தொட்டில் எங்க?"

"கார்லதான் கிடக்கு. திங்கட்கிழமை கடைக்குக் கொண்டுபோகலாம்னு..."

"கேக்கைத் தின்னுட்டு எங்க வீட்டுல கொண்டுபோய்ப் போடு, அக்கா. மெத்தையும் விரிச்சு வை."