டிக் போட்ட அதிகாரம்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் எட்டு மணி நேரம் போர்வை மடித்துவிட்டு வருகிறவளிடம் பரலோகம் அதிகம் எதிர்பார்க்கக் கூடாது என்பது என் கட்சி. வேதத்தை ஒரே வருடத்தில் வாசித்து முடிக்கச் சபையில் ஓர் அட்டவணை கொடுத்திருந்தார்கள். நாளுக்கு மூன்று அதிகாரம், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கட்டம். பஸ்ஸில் கண்ணை ஓட்டுவேன். இரண்டு வரிக்குள் கண் சொருகிவிடும். இறங்கும் இடம் வந்ததும் மூன்று கட்டத்திலும் டிக் போட்டுவிட்டு இறங்குவேன். ஒரு நாள்கூட விட்டதில்லை. சபையில் எனக்குப் பெயரே ஜெபக்காதான்.

ஜெபமும் அந்த லட்சணம்தான். புதன்கிழமைப் பெண்கள் கூட்டத்தில் அவரவர் சொல்லும் குறைகளை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். போர்வை மடிக்கும்போதே அதை வரிசையாக ஒப்பித்துவிடுவேன். டீச்சருக்கு முழங்கால், நர்சின் மகளுக்கு வேலை, தையற்காரியின் கணவருக்குச் சுகம். கை மடிக்கும், வாய் ஜெபிக்கும், மனசு குறட்டை விடும்.

அந்தத் தையற்காரியின் கணவர் பதினோரு மாதம் படுக்கையில் கிடந்து போய்ச்சேர்ந்தார். அடக்கத்தில் முன்னால் நின்று பாடியதும் நான்தான். மூன்று வாரம் கழித்துத் தையற்காரி கூட்டத்துக்கு வந்தாள். பாஸ்டரம்மா என்னைத் தனியாக இழுத்துச் சொன்னார்: "இனிமே சபைப் பக்கமே வரமாட்டேன்னுட்டா. கெஞ்சிக் கூட்டிட்டு வந்திருக்கேன். அவளுக்காக நீங்க ஜெபிங்க."

அவள் தோளில் கை வைத்துக் கண்ணை மூடினேன். அன்றைக்கு எனக்கு இரட்டை ஷிஃப்ட். வாய் தானாகவே ஓட ஆரம்பித்தது.

"ஆண்டவரே, இந்தத் தங்கச்சியோட வீட்டுக்காரரைப் படுக்கையிலேர்ந்து எழுப்புங்கப்பா. பூரண சுகம் தாங்கப்பா."

ஒருத்தரும் ஆமென் சொல்லவில்லை. என் கைக்குக் கீழிருந்த தோள் மெல்ல விலகியது. கண்ணைத் திறந்தபோது அவள் பையை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டிவிட்டாள். வெட்கத்தில் செத்துப்போனேன்.

மறுநாள் வேலை முடிந்ததும் அவள் வீட்டுக்குப் போனேன். இடுப்பு, வீட்டுக்குப் போய்ப் படுடி என்றது. தையல் மெஷின் பக்கத்தில் எனக்கொரு முக்காலி போட்டாள். அசதி, வாய் தவறிவிட்டது என்று ஏதேதோ சொல்லிப் பார்த்தேன். கடைசிவரை கேட்டுக்கொண்டாள்.

"அவரு செத்தத மறந்துட்டீங்க, போகட்டும். பதினோரு மாசம் ஜெபிச்சீங்களேக்கா, அவருக்கு என்ன நோவுன்னாவது தெரியுமா?"

யோசித்தேன். நோட்டில் சுகம் என்றுதான் எழுதியிருந்தது.

"தெரியாதும்மா."

பிறகு அவளே சொன்னாள். முதுகுத்தண்டில் ஏதோ வளர்ந்து முதலில் கால் போயிருக்கிறது, அப்புறம் விரல்கள். இவளுக்குப் பக்கத்தில் இருப்பது மங்கலாகத்தான் தெரியும். ஊசியில் நூல் கோத்துத் தருவது அவர் வேலையாம். விரல் மரத்துப் போன பிறகும் நூலைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு முயற்சி செய்துகொண்டே இருப்பாராம். நான் வழக்கம்போல ஜெபிக்க வாயைத் திறந்தேன்.

"ஜெபம் வேணாங்க்கா."

அதுவும் நியாயம்தான். வேறென்ன செய்வதென்று தெரியாமல் பையிலிருந்த வேதத்தை எடுத்தேன். அட்டவணை செருகியிருந்த பக்கம் திறந்தது. இயேசு தம் சிநேகிதனின் கல்லறைக்கு வருகிற அதிகாரம். முந்தின நாள்தான் டிக் போட்டிருந்தேன். சின்ன வயதிலிருந்து தெரிந்த கதை. சத்தமாக, எழுத்துக்கூட்டுகிற பிள்ளையைப் போல வாசித்தேன். அவர் அங்கே நின்று அழுகிற இடத்தில் என் விரல் நின்றுவிட்டது. கொஞ்ச நேரத்தில் அந்தச் சிநேகிதனை உயிரோடு எழுப்பப் போகிறவர் அவர். அவருக்கே அழ நேரம் இருந்திருக்கிறது. எனக்கு இல்லாமல் போய்விட்டது. முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

கண்ணைத் துடைத்து நான் அடுத்த வரிக்கு விரலை நகர்த்தியபோது அவள் என் கையைப் பிடித்தாள்.

"அதுக்கு மேல இன்னைக்கு வேணாம். அழுதாருன்னு வருதுல்ல, அதையே இன்னொரு தடவை வாசிங்க."

வாசித்தேன். அவள் நூல்கண்டையும் ஊசியையும் என் மடியில் வைத்தாள். மூன்றாவது தடவையில்தான் நூல் ஊசிக்குள் போயிற்று.