வண்டிக்கு நெற்றி எது?

1

கிட்ட வாங்க, கண்ணுகளா. ஒரு காரின் கதை சொல்கிறேன். பொய்தான், ஆனால் வஞ்சனையில்லாமல் சொல்வேன். போன வாரம் கொட்டகலை பஸ்ஸில் முன் சீட்டுப் பெண்கள் இரண்டு பேர் ஒரு காரைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். உள்ளே ஓடும் மென்பொருளை யார் வேண்டுமானாலும் பிரிக்கலாம், மாற்றலாம், அழித்துவிட்டு மறுபடி ஏற்றலாமாம். அவர்கள் இறங்கிப் போய்விட்டார்கள். மிச்சம் என்னுடையது.

2

நோர்வூட் மலைகளைப் பனி முத்தமிட்ட ஒரு காலையில்... (வேண்டாம். பனிக்கு வேறு வேலை இல்லையா?)

தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு வினோதா அப்படிப்பட்ட கார் ஒன்றை வாடகைக்கு ஓட்டுகிறவள். [முதலில் இவளை விஜிதரன் என்று ஆணாக எழுதினேன். வழிமுறையைப் படிக்காமலே அவன் பட்டனை அமுக்கினான். கதை அங்கேயே முடிந்துவிட்டது.] பனியைச் சுவரென்று நினைத்து நின்றுவிடும் கார் அது. வினோதா இரண்டு நாள் உட்கார்ந்து மென்பொருளைத் திருத்தி, பழையதை அழித்துப் புதியதை ஏற்றினாள். முதல் சவாரி, பக்கத்து வீட்டுக் கிழவி அம்மாக்கண்ணு. நுவரெலியாவில் கண்புரை ஆபரேஷன். பதினொரு மணிக்குள் போய்ச் சேராவிட்டால் அடுத்த தேதிக்கு ஒரு வருஷம்.

3

கார் நகரவில்லை. 'முன்னால் தடை' என்றது திரை. முன்னால் ஒரு கோழிகூட இல்லை. தன் திருத்தம்தான் பிழை என்று வினோதா மறுபடி அழித்து, மறுபடி ஏற்றினாள். நாற்பது நிமிஷம் போனது. மறுபடியும் தடை.

(கண் தெரியாத கிழவி, கண் தெரியாத கார். பொருத்தம் கொஞ்சம் கூடிப்போச்சு. தெரிந்துதான் எழுதுகிறேன், விடுங்கள்.)

இறங்கிப் பார்த்தால், முன் கேமராமேல் கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம், நடுவில் குங்குமம்.

"புதுப் புத்தி ஏத்துனியேன்னு நாந்தான் பொட்டு வச்சேன் புள்ள. தடவிப் பாத்துத்தான் வச்சேன். நெத்தி அதானே?"

4

துணியோடு குனிந்தவளின் கையை அம்மாக்கண்ணு பிடித்துக்கொண்டாள். வைத்த பொட்டை அழிப்பது ஆகாது. ஆபரேஷனுக்குப் போகிற நாளில் ஆகவே ஆகாது.

(இங்கே இறம்பொடைக் கோயில் அனுமார் பறந்து வந்து காரைத் தூக்கிப் போனார். அந்த வரியை அடித்துவிட்டேன். போகிற வழியில் இறம்பொடையே இல்லை.)

அப்படியானால் ஒரு வரியைத் திருத்திக் கேமராவையே அணைத்துவிடலாம் என்றாள் வினோதா. பொட்டும் இருக்கும், வண்டியும் ஓடும்.

"பனிக்குள்ள குருட்டு வண்டி. அதுல ஒரு குருடி. நல்லாருக்கும்டி."

கிழவி காரின் முன்பக்கத்தைத் தடவிப் பொட்டைத் தேடினாள்.

"அந்த மனுசன் போன அன்னிக்கி என் பொட்ட அழிச்சாளுக. என்னைய ஒருத்தியும் கேக்கல." முந்தானையை விரலில் சுற்றிக் கேமராவை அழுத்தித் துடைத்தாள். "இத நானே அழிக்கிறேன். எடு வண்டிய."

முதல் வளைவில் பனி அடைத்துக்கொண்டு நின்றது. கார் ஊர்ந்தது, நிற்கவில்லை.

5

கடைசியில் புறப்படும்போது மணி ஒன்பது; பனியில் இரண்டு மணி நேர வழி. போய்ச் சேர்ந்தார்களா? சேர்த்து எழுதிப் பார்த்தேன், அழித்தேன். சேர்க்காமல் விட்டுப் பார்த்தேன், அதையும் அழித்தேன். இனி உங்கள் பாடு. உங்கள் ரோட்டுக்கு ஏற்றபடி திருத்திக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டில் யாருக்கும் ஆஸ்பத்திரித் தேதி தவறாதிருக்கட்டும். கேட்காமல் யாரும் யார் நெற்றியையும் தொடாதிருக்கட்டும்.