கணக்கோடு ஒரு பேரம்

"கால் எப்படி இருக்கு?" என்று கேட்டு வருகிறவர்களை எல்லாம் அடித்துத் துரத்த வேண்டும் போல இருந்த காலம் அது. இரண்டாயிரத்து எட்டு. திண்டுக்கல்லில் நேரம் காலம் இல்லாமல் கரண்ட் போகும். ஃபேன் நின்றால் ஈ வரும். வந்த ஈ நேராக என் இடது முழங்காலுக்குக் கீழே இருந்த ஓட்டையில்தான் உட்காரும்.

சிறுமலையிலிருந்து வாழைத்தார் ஏற்றிக்கொண்டு இறங்கிய ஜீப் கவிழ்ந்ததில் கால் எலும்பு இரண்டாகப் போனது. உள்ளே ஸ்டீல் கம்பி வைத்துத் தைத்தார்கள். பிறகு சீழ் வைத்தது. மாத்திரை தின்றால் காயும், நிறுத்தினால் ஒழுகும். மதுரை டாக்டர் கம்பியை எடுத்துவிட்டுச் சுத்தம் செய்ய வேண்டும் என்றார். எலும்பு இன்னும் சரியாக ஒட்டவில்லை. கம்பியையும் எடுத்தால் மறுபடி மாதக்கணக்கில் படுக்கைதான். நானோ வாழைத்தார் கமிஷன் மண்டிக்காரன். கடையில் ஆள் இல்லை என்றால் மலைக்காரர்கள் அடுத்த கடையில் தாரை இறக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். முடியாது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஆனால் மண்டியிலிருந்து திரும்பிவிட்டால் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. ஊன்றுகோலோடு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்து நடந்து மனைவி ஜோஸ்பினின் உயிரை வாங்கினேன். அவளும் எத்தனை நாளைக்குத்தான் பொறுப்பாள், பாவம்.

என் தங்கை வினோலியா கணக்கில் ஆராய்ச்சி செய்கிறவள். உடம்புக்குள் கிருமிகள் கூட்டமாக ஒட்டி வளர்வதைச் சமன்பாடாக எழுதுவதுதான் அவள் வேலை. "கணக்குப் படிச்சவளுக்குச் சீழுல என்னடி சோலி?" என்று நானே எத்தனையோ தடவை கிண்டல் செய்திருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவள், என்னை இழுத்துக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தாள்.

"அண்ணே, தனித்தனியா மெதக்குற கிருமின்னா மாத்திரை கொன்னுரும். இது கம்பி மேல ஒட்டி, வழுவழுன்னு ஒரு படலத்தப் பூசிக்கிட்டு உக்காந்திருக்கு, தண்ணித் தொட்டியில பாசி பிடிக்குமே, அது மாதிரி. மேல இருக்கறது சாகும். அடியில இருக்கறது தீனி இல்லாமத் தூங்கும். தூங்குறத மருந்து ஒண்ணும் செய்யாது. மாத்திரைய நிப்பாட்டுனா முழிச்சுக்கிரும்."

திரையில் கிருமிகளின் எண்ணிக்கையைக் காட்டும் ஒரு சிவப்புக் கோடு சரசரவென்று இறங்கியது. தரையைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால் அப்படியே படுத்துக்கொண்டது. மருந்து நின்றதும் எழுந்து, பழைய உயரத்துக்கே போனது. என் கால் அது.

ஆனாலும் சொன்ன விலைக்கு எதையும் வாங்கிப் பழக்கம் இல்லாதவன் நான்.

"கிருமி வளர்ற வேகம்னு ஒரு நம்பர் போட்ருக்கேல்ல, அதக் கொஞ்சம் கொற."

"அது நான் வச்ச வெலையா அண்ணே? லேப்ல அளந்தது."

"அளந்தவன் திண்டுக்கல்லுக்கு வந்து பாத்தானா? நம்மூர்த் தண்ணிக்கு மெதுவாத்தான் வளரும். கொறன்னா கொற!"

குறைத்தாள். கோடு தாமதமாக எழுந்தது, ஆனால் எழுந்தது. படலத்தின் கனத்தைப் பாதியாக்கச் சொன்னேன். அதற்கும் எழுந்தது. "மருந்த ஏத்து" என்றேன். ஏற்றினாள். "இன்னும் ஏத்து. பிசினாறித்தனம் பண்ணாத, ஏத்து." கடைசியில் சிவப்புக் கோடு தரையில் விழுந்து, எழுந்திருக்கவே இல்லை.

"ஜோஸ்பினு! செத்துருச்சு, இங்க வந்து பாரு!" என்று கத்தினேன்.

வினோலியா சிரிக்கவில்லை. "அம்புட்டு மருந்து ஒன் ரத்தத்துல ஓடுனா, கிருமிக்கு முன்னாடி ஒன் கிட்னி போயிரும்."

"அப்பறம் எதுக்குடி போட்ட?"

"நீதான போடச் சொன்ன."

எனக்கு வந்த கோபத்தில் கம்ப்யூட்டரையே தூக்கி எறிந்திருப்பேன். ஒற்றைக் காலில் நின்று எறிய முடியாது என்பதால் தப்பித்தது. அவள் என் முகத்தைப் பார்க்காமல் எல்லா எண்களையும் பழையபடி மாற்றினாள். பிறகு கம்பிக்கான இடத்தில் மட்டும் சைபர் போட்டாள். சாதாரண மருந்துக்கே கோடு இறங்கித் தரையோடு தரையாகக் கிடந்தது.

"கம்பிய எடுத்தா எலும்பு ஒட்டுமா? பழையபடி நடப்பேனா? அதுக்கு ஒரு கோடு போடு" என்றேன்.

"தெரியாது."

"கூட்டிக் கொறச்சாவது சொல்லு."

"எலும்பு என் கணக்குல இல்லண்ணே. எனக்குத் தெரியாது. கம்பிய உள்ளயே விட்டா என்னாகும்னு மட்டுந்தான் தெரியும். சீழு எலும்பத் திங்கும். அப்பறம் காலையே எடுக்கச் சொல்லுவாங்க."

பக்கத்து வீட்டுக்காரர்கள், மண்டிக்காரர்கள், பங்குச் சாமியார் எல்லாரும் எனக்கு ஒரே பதிலைத்தான் சொல்லியிருந்தார்கள்: எல்லாம் சரியாகிவிடும். தெரியாது என்று முகத்துக்கு நேராகச் சொன்னது இவள் ஒருத்திதான். அதைக் கேட்டபோதுதான் உண்மையிலேயே பயந்தேன். இத்தனை நாள் கோபம் என்று நினைத்துக்கொண்டு வீட்டில் இருந்தவர்களை விரட்டியதெல்லாம் இந்தப் பயம்தான். கால் இல்லாமல் மண்டியில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிற என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டேன்.

"ஜோஸ்பினு, துணிமணிய எடுத்து வை. மதுரைக்குப் போறோம். கம்பிய எடுத்துருவோம்."

இதைத்தானே இவ்வளவு நேரமும் கணக்குப் போட்டுக் காட்டினாள், சந்தோஷப்படுவாள் என்று வினோலியாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"அண்ணே, என் கணக்கு தப்பா இருந்தா?"

"தப்பா இருந்தா வந்து ஒன்னய ஒதைப்பேன்" என்றேன். "ஒதைக்கக் கால் வேணும்ல, அதுக்குத்தான் போறேன்."