இரண்டில் கனமானது

கோட்டின் உள்பையைத் தலைகீழாக உதறினாள் வனஜா. சவச்சடங்குக்காரர்கள் பன்னிரண்டு மணிக்குள் ஒரு நல்ல கோட்டு வேண்டுமென்று கேட்டிருந்தார்கள். பையிலிருந்து இரண்டு வாயு மாத்திரை விழுந்தது. அப்புறம் ஒரு நூல் துண்டு, மடித்த சீட்டு ஒன்று.

மாத்திரையைப் பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினைந்து நாளாக நெஞ்சைத் தடவிக்கொண்டு, "ஒண்ணுமில்ல, வாயு" என்றே சொல்லிக்கொண்டிருந்தான் கல்யாணசுந்தரம். வியாழக்கிழமை காலையில் பஸ் நிறுத்தத்தில் அந்த வாயு அவனைக் கீழே தள்ளிவிட்டது. நாற்பத்திரண்டு வயது. டாக்டரிடம் போக நேரமில்லாத மனுஷன், சனிக்கிழமைதோறும் ஓவர்டைம் என்று போய்க்கொண்டிருந்தான்.

சீட்டைப் பிரித்தாள். டான்ஃபோர்த் தெருவில் ஒரு துப்பாக்கிக் கடை. பெரிய குழல், ஒற்றைத் தோட்டா ரைபிள், பழைய மாதிரி, இரண்டு எடுத்து வைத்திருக்கிறது. சனிக்கிழமை பதினொரு மணிக்கு மனைவி வந்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். கீழே அவன் கையெழுத்து.

இன்றைக்குத்தான் சனிக்கிழமை. மணி பத்து. மூன்று மணிக்குத் தகனம்.

அவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். திருச்சியில் கல்லூரியில் படிக்கையில் என்.சி.சி.யில் துப்பாக்கி சுட்டு, சென்னைவரை போய் மெடல் வாங்கி வந்தவள் அவள். பெண்களுக்குச் சின்னக் குழல்தான், பெரியதை எடுத்தால் தோள் எலும்பு போய்விடும் என்று ஹவில்தார் தொடவே விடவில்லை. கல்யாணமான புதிதில் இதை ஆத்திரத்தோடு சொன்னபோது கல்யாணசுந்தரம் சிரித்தான். டொராண்டோ வந்தபின், எழுபத்தொன்றில், பெண்களையும் சேர்க்கும் ரைபிள் கிளப்பின் படிவத்தை நிரப்பி அவனிடம் காட்டினாள். "தமிழ்க்காரங்க நாலு பேர் என்ன சொல்லுவாங்க?" என்று மடித்து மேஜைக்குள் வைத்துவிட்டான். அன்றைக்கு அவர்களுக்குத் தெரிந்த தமிழ்க்காரர்களே நாலு பேர்தான். அந்த நாலு பேருக்கும் குளிரைச் சமாளிக்கவே பொழுது சரியாக இருந்தது.

கூடத்தில் தட்சிணாமூர்த்தி நின்றிருந்தார். கல்யாணசுந்தரத்தின் அண்ணன், வின்னிபெக்கிலிருந்து ராத்திரிதான் வந்திருந்தார். கையில் புதிதாக வாங்கிய மண் தொட்டி. கொள்ளிக்குடத்துக்குப் பூச்செடிக் கடையில் கிடைத்தது அதுதான்.

"வனஜா, நீயும் உன் சிநேகிதியும் வீட்டோட இருங்க. நம்ம பக்கத்துல பொம்பளைங்க சுடுகாட்டுக்கு வர்றதில்ல. புள்ள இல்லாததுக்கு அண்ணன் நான் கொள்ளி வெக்கறேன்."

"அங்க கொள்ளி கிடையாது அத்தான். பட்டன்தான்."

"சரி, அந்தப் பட்டனை நான் அமுக்கறேன். உனக்கு ஏன் அந்தக் கஷ்டம்?"

அவள் சீட்டையும் நூலையும் கைப்பையில் போட்டுக்கொண்டு, கோட்டை அவர் தோளில் போட்டாள். "இதைக் கொண்டுபோய்க் குடுத்துருங்க." அடுத்த வீட்டு சியாமளா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "வண்டிய எடு" என்றாள் வனஜா.

சீட்டை வாங்கிப் படித்த சியாமளா, வீடிருந்த டோர்செட் பார்க்கிலிருந்து டான்ஃபோர்த் போகிறவரை ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "இன்னிக்காடி?"

"பின்ன எப்போ? எட்டு மாசமா ஓவர்டைம்னு சொல்லிட்டு அங்கதான் போய்க் குந்தியிருக்கார் போலிருக்குடி. அதுல ஒரு சனிக்கிழமை டாக்டர்கிட்ட போயிருக்கக் கூடாது?"

கடைக்காரக் கிழவர் புடவையைப் பார்த்ததுமே எழுந்துவிட்டார். "நீங்கள்தான் அந்த மனைவியா? அவர் வரவில்லையா?"

"வரலை" என்றாள்.

கிழவர் இரண்டு ரைபிள்களைக் கம்பளித் துணிமேல் வைத்தார். இரண்டுமே அவரைவிட வயதானவை. விசைக்குக் கீழே இருந்த நெம்புகோலை இறக்கினால் பின்வாய் திறக்கும். கட்டைவிரல் தண்டித் தோட்டா ஒன்றை வைத்து மூட வேண்டும். ஒன்றுதான். தப்பினால் மறுபடி முதலிலிருந்து.

"உங்கள் கணவருக்குத் துப்பாக்கியில் ஒன்றும் தெரியாது" என்றார் கிழவர். "ஒரு நூலைக் கொண்டுவருவார். கடைக்கு வருகிற ஒவ்வொரு பழைய ரைபிளிலும் விசையிலிருந்து, தோளில் சாத்துகிற கட்டையின் முனைவரை அளப்பார். நீளம் என்பார், போய்விடுவார். எட்டு மாதத்தில் பொருந்தியது இந்த இரண்டுதான்."

வனஜா கைப்பையிலிருந்து அந்த நூலை எடுத்தாள். போன பிப்ரவரியில் ஸ்வெட்டர் பின்னச் சொல்லி அளவு கொடுக்கப்போவதாகச் சொல்லி, அவள் கையை இந்த நூலால் அவன்தான் அளந்தான். முழங்கை மடிப்பிலிருந்து ஆள்காட்டி விரல்வரை. எந்த ஊர் ஸ்வெட்டர் விரல்வரை வரும் என்று அவள் கேலிகூடச் செய்தாள். ஸ்வெட்டர் வரவேயில்லை. நூலெடுத்து அளக்கத் தெரிந்தவனுக்கு, அன்றைக்கு உன் படிவத்தை மடித்து வைத்தது தப்பு என்று வாயைத் திறந்து சொல்லத் தெரியவில்லை. இனிமேல் யாரைப் பிடித்துச் சண்டை போடுவது? கடையில் கிழவர் மட்டும் இல்லாவிட்டால் அவள் கத்தியிருப்பாள்.

"பெண்களுக்கு இது சரி" என்று கிழவர் சின்னதை முன்னால் தள்ளினார். "எடை குறைவு."

"எடை குறைஞ்சா தோள்ல உதை ஜாஸ்தி" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, அதையே ஆங்கிலத்தில் சொன்னாள். ஒரு வெள்ளைத் தாள் கேட்டு வாங்கி, பின்வாயைத் திறந்து அங்கே பிடித்துக்கொண்டு, குழலின் முனை வழியாகப் பார்த்தாள். சின்னதின் குழலுக்குள் அம்மைத் தழும்புபோலத் துரு. பெரியது சுத்தம், உள்ளே வெட்டிய வரிகள் முறுக்கிக்கொண்டு கடைசிவரை பளபளத்தன. அதைத் தூக்கி, இடது கண்ணை மூடி, சுவரின் மூலையைக் குறிவைத்துத் தோளில் சாத்தினாள். கட்டை அளவெடுத்ததுபோலப் பொருந்தியது. பொருந்தத்தானே செய்யும், பாவி மனுஷன்.

குழல் முனை மூலையை விட்டு அசையவேயில்லை. அதுவே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"இதுதான்" என்று செக் எழுதிக் கொடுத்தாள்.

கிழவர் பேரேட்டைத் திறந்து, கல்யாணசுந்தரம் என்ற பெயரை எழுத்துக் கூட்டத் தொடங்கினார். "என் பேரை எழுதுங்க" என்றாள். எழுதி முடித்து அவர் சிரித்தார். "நீங்கள் சின்னதைத்தான் எடுப்பீர்கள் என்றேன் நான். பெரியதுதான் என்று அவர் பந்தயம் கட்டினார். நான் தோற்றுவிட்டேன் என்று சொல்லுங்கள்."

வனஜா செக் புத்தகத்தைக் கைப்பையில் போட்டு மூடினாள். "சொல்றேன்" என்றாள்.

ரைபிளைக் காரின் பின்பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு நேரே தகனக் கூடத்துக்குப் போனார்கள். கற்பூரம் கூடாது என்று சொல்லிவிட்டிருந்தார்கள். தட்சிணாமூர்த்தி தொட்டியில் தண்ணீரை ஊற்றித் தோளில் ஏற்றியிருந்தார். பூத்தொட்டிக்கு அடியில் ஓட்டை போட்டேதான் விற்பார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. ஒரு சுற்று வருவதற்குள் தண்ணீர் முழுக்க அவர் முதுகிலும் பூட்ஸிலும் இறங்கிவிட்டது. ஒரு பணியாள் துண்டோடு ஓடிவந்தான். இன்னொருவன், யார் அழுத்தப்போகிறீர்கள் என்று கேட்டான்.

"நான்" என்றாள் வனஜா வாசலிலிருந்தே.

"வனஜா, நம்ம வழக்கம்..."

"அந்தத் தொட்டிய கீழ வைங்க அத்தான். தரையெல்லாம் தண்ணி."

அவர் வைத்தார். அவள் அவரைக் கடந்து சுவரோரம் போனாள். கண்ணாடிக்கு அந்தப்புறம் பெட்டி காத்திருந்தது. உள்ளே அவன், அந்தக் கோட்டில். நீதான் ஜெயிச்சே, கிழவர் தோத்துட்டாராம் என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்ல மனசு வரவில்லை, அத்தனை கோபம்.

ஆள்காட்டி விரலைச் சுவரிலிருந்த பொத்தானில் வைத்தாள். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தினாள். வெடுக்கென்று அழுத்தாமல், மெல்ல, மெல்ல, அது தானாக இறங்குகிறவரை அழுத்தினாள்.

பெட்டி உள்ளே போய் இரும்புக் கதவு மூடிய பிறகுதான், இத்தனை நேரமும் இடது கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தது அவளுக்குத் தெரிந்தது.