போன தடவைக்கு நன்றி

எங்கே சாப்பிடுவது என்று முடிவு செய்வதற்குள்ளேயே யோருனுக்கும் ஆஸ்லாக்குக்கும் ஒரு வாரம் போய்விட்டது. ஒஸ்லோவில் உணவகத்துக்கா பஞ்சம்? தடுக்கி விழுந்தால் ஒன்று. ஆனால் ஆஸ்லாக் ஒவ்வொரு பெயராகக் குறுஞ்செய்தியில் அனுப்ப அனுப்ப, யோருன் வேண்டாம் என்று ஒற்றை வார்த்தையில் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள். துறைமுகத்து மீன் கடை வேண்டாம், அது மூன்று. தோர்ஷோவில் இறைச்சி உருண்டை போடும் கடை வேண்டாம், அது ஐந்து. தொய்யெனில் இருக்கும் வியட்நாம்காரர் கடை ஆறு. அதை நினைக்கவே வேண்டாம்.

அந்த எண்களெல்லாம் அவர்கள் மகள் வில்டெ போட்டவை. இந்த ஊர்ப் பத்திரிகைகள் உணவகத்துக்கு மார்க் போடுவது பகடைப் படத்தால். ஒன்று விழுந்தால் குப்பை, ஆறு விழுந்தால் அமிர்தம். அதைப் பார்த்துவிட்டு வில்டெயும் சின்ன வயதிலிருந்தே போன கடைக்கெல்லாம் பகடை போட்டாள். "சூப்புக்கு ரெண்டு, கொண்டுவந்தவரு தாடிக்கு ஆறு" என்று அந்த மனிதர் காதில் விழும்படியே சொல்வாள். பெற்றவர்கள் பிரிந்த பிறகு பகடை அதிகமானது. ஒரு வாரம் அம்மா வீடு, மறு வாரம் அப்பா வீடு என்று இருந்த பிள்ளைக்கு வெளிச் சாப்பாடு நிறையவே வாய்த்தது. தனியாக இருப்பவர்களுக்கு அடுப்படியில் அத்தனை உற்சாகம் இருப்பதில்லை.

போன நவம்பரில், பனிச்சறுக்குப் பயிற்சியின் நடுவில், வில்டெயின் இதயம் நின்றுவிட்டது. வயது பதினேழு. ஏன் நின்றது என்று மருத்துவர்களாலும் சொல்ல முடியவில்லை. அடக்கம் முடிந்ததும் ஆஸ்லாக் ஊரை விட்டே கிளம்பி ஹாமாரில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டான்.

இப்போது மே மாதம். மண் குளிரெல்லாம் விட்டு, இளகி, இறங்கி அமர்ந்த பிறகுதான் இங்கே கல்லறைக்குக் கல் நடுவார்கள். கல் தயார். பெயரும் தேதிகளும் வெட்டியாகிவிட்டது. அடியில் ஒரு வரிக்கு இடம் விட்டு வைத்திருக்கிறார் கல் வெட்டுபவர். அந்த ஒரு வரியில்தான் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. இன்று மாலைக்குள் சொல்லாவிட்டால் கல் இலையுதிர் காலத்துக்குத்தான், அதுவரை பிள்ளை தற்காலிகமாகப் பெயர் எழுதி நட்ட மரக்குச்சியோடுதான் கிடக்க வேண்டும் என்று அவர் கறாராகச் சொல்லிவிட்டார். போனில் பேசினால் சண்டையில் முடியும். ஏதாவது ஒரு உணவகத்தில் பேசலாம் என்றான் ஆஸ்லாக். நாலு பேர் நடுவில் இந்த ஊர்க்காரர்கள் செத்தாலும் குரலை உயர்த்த மாட்டார்கள் என்பது அவனுக்குத் தெரியும்.

கடைசியில் அகப்பட்டது ரயில் நிலையத்துக்குப் பின்னால், அலுவலகக்காரர்கள் மதியம் வந்து அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடும் ஒரு கடை. வில்டெ காலே வைக்காத கடை. எந்தப் பத்திரிகையும் அதற்குப் பகடை உருட்டப்போவதில்லை.

யோருன் ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளர். ஊசி போட்டு அனுப்புகிறவர்களிடமெல்லாம் அவள் சொல்வது ஒன்றுதான்: மரப்பு விடுகிற வரைக்கும் சூடாக எதுவும் வாயில் வைக்காதீர்கள், சுட்டாலும் தெரியாது, கன்னத்தைக் கடித்தாலும் தெரியாது. நவம்பரிலிருந்து அவளுக்கே யாரோ அந்த ஊசியைப் போட்டுவிட்டது போல் இருந்தது. வேலைக்குப் போனாள், தூங்கினாள், ஜன்னல்களைத் துடைத்தாள். அழவில்லை. கல்நெஞ்சக்காரி என்று அக்கம்பக்கத்தில் பேசியிருப்பார்கள். பேசினால் பேசட்டும் என்று நினைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

ஆஸ்லாக் கடை வாசலிலேயே நின்றிருந்தான். இளைத்திருந்தான். கை கொடுப்பதா அணைப்பதா என்று தெரியாமல் இரண்டையும் பாதி பாதி செய்தான்.

"போன தடவைக்கு நன்றி," என்றான்.

"உனக்கும்," என்றாள் யோருன்.

இந்த நாட்டுக்காரர்களுக்கு நன்றி சொல்லாவிட்டால் சோறு செரிக்காது. சாப்பாட்டுக்கு நன்றி, கூட நடந்ததற்கு நன்றி, இன்றைய பொழுதுக்கு நன்றி. ஒருவரை மறுபடி பார்த்தால் முதல் வார்த்தை, போன தடவைக்கு நன்றி. பதிலும் தயாராக இருக்கும், உனக்கும். நாக்கு மனதைக் கேட்டுக்கொண்டு சொல்வதில்லை.

போன தடவை அவர்கள் பார்த்துக்கொண்டது வில்டெயின் சவப்பெட்டிக்கு இரண்டு பக்கமும் நின்று.

ஆஸ்லாக்கின் முகம் கழுத்து வரை சிவந்துவிட்டது. பழக்கதோஷத்தில் வந்துவிட்டது, மன்னித்துக்கொள் என்று முணுமுணுத்தான். யோருன் தனக்குக் கோபம் வருமென்று காத்திருந்தாள். வரவில்லை. உள்ளே போய் இருவரும் மீன் சூப் வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள். ஆவி பறந்துகொண்டிருந்த சூப்பை அவள் ஊதாமலே குடிக்க ஆரம்பித்தாள்.

ஆஸ்லாக் சுற்றி வளைக்கவில்லை. 'எல்லாவற்றுக்கும் நன்றி' என்றே போட்டுவிடலாம் என்றான். அவன் அப்பா கல்லில் அதுதான், தாத்தா கல்லிலும் அதுதான். அந்தக் கல்லறைத் தோட்டத்தில் பாதிக் கல்லில் அதுதான்.

"அது எம்பது வயசுல போறவங்களுக்கு, ஆஸ்லாக்," என்றாள் அவள். "பேரப்பிள்ளைங்கள்லாம் பாத்துட்டுப் போறவங்களுக்கு. எந்த எல்லாத்துக்கும்? அவ இன்னும் ஓட்டே போடல."

"அப்ப நீயே சொல்லு. வேண்டாம் வேண்டாம்னே ஒரு வாரமா சொல்லிட்டிருக்க. கடைக்கும் வேண்டாம், கல்லுக்கும் வேண்டாம்."

"வெறுமன விட்டுரலாம்."

"வெறுமன விட மாட்டேன்." குரல் உயரவில்லை. கரண்டியை மட்டும் கீழே வைத்தான். "அவ பேருக்குக் கீழ ஒண்ணுமே இல்லன்னா, நமக்குச் சொல்ல ஒண்ணுமில்லன்னு ஆயிரும்."

பக்கத்து மேசையில் இருவர் விடுமுறைக்குக் கடலோர வீட்டுக்குப் போவது பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். யோருன் சூப்பைக் குடித்துக்கொண்டே இருந்தாள். அவன் சொல்வது நியாயம்தான் என்று தெரிந்தது. தெரிந்ததே தவிர, எங்கும் தைக்கவில்லை.

"சூப் எப்படி?" என்று கேட்டான் அவன், பேச்சை எங்காவது நகர்த்த வேண்டுமே என்று.

"தெரியல."

"வில்டெ ரெண்டு போட்டிருப்பா."

"மூணு," என்றாள் யோருன். "ரொட்டிக்காக ஒண்ணு கூட."

அவன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். தோள் மட்டும் குலுங்கியது. கொடுத்து வைத்தவன், அழ வருகிறது என்று அவள் நினைத்தாள். அதில் பொறாமைகூட இருந்தது.

"நீ வாசல்ல சொன்னியே," என்றாள். "அதப் போடு."

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அது மறுபடி பாக்குறப்ப சொல்றது, யோருன்."

"தெரியும். எல்லாத்துக்கும் நன்றின்னா வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பிட்டு கதவச் சாத்துற மாதிரி. நான் சாத்தல."

ஆஸ்லாக் போனை எடுத்தான். அங்கேயே கல் வெட்டுபவரைக் கூப்பிட்டான். அவருக்குக் காது சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது, எல்லாவற்றுக்கும் நன்றிதானே என்று அவரே முடித்து வைக்கப் பார்த்தார். இல்லை, முதலில் சொன்னதுதான் என்றான். அதைக் கல்லில் யாரும் போட்டதில்லையே, தப்பாகச் சொல்கிறீர்களா என்று அவர் கேட்டிருக்க வேண்டும். தப்பில்லை என்றான் ஆஸ்லாக். பிறகு அவர் எழுதிக்கொள்வதற்காக, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னான்.

"போன. தடவைக்கு. நன்றி."

"உனக்கும்," என்று யோருனின் வாய் தானாகச் சொன்னது.

சொன்ன பிறகுதான், அது ஆஸ்லாக்குக்குச் சொன்னது அல்ல என்பது அவளுக்குத் தெரிந்தது. கரண்டி கையிலிருந்து நழுவித் தட்டில் விழுந்தது. சூப் எப்போதோ நாக்கைச் சுட்டிருந்தது. இப்போதுதான் எரிய ஆரம்பித்தது.