காரணம் கேட்க வந்தவர்கள்

பெங்களூரு தொம்மலூரில் இருக்கும் ரெமிஜியஸ் எந்தப் படத்தைப் பார்த்துவிட்டு "நல்லா இல்ல" என்று சொல்கிறாரோ, அந்தப் படத்தில் வருகிற ஆள் ஒருவர் மறுநாள் காலை காரணம் கேட்டு அவர் வீட்டு ஹாலில் வந்து உட்கார்ந்திருப்பார். முதலில் வந்தது ஒரு காதல் படத்தின் நாயகி, இரண்டாம் பாதியில் நோய் வந்து செத்துப்போகிறவள். பால் பாக்கெட் எடுக்க எழுந்த மனைவி ஜூடித், யாரோ வாடகைக்கு வீடு கேட்டு வந்திருக்கிறாள் என்று நினைத்துக் காபி கொடுத்தாள். தெருவில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தண்ணீர் லாரி வராததுதான் அந்த வாரப் பேச்சு.

ரெமிஜியஸுக்குப் பீன்யாவில் பம்பு செய்யும் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி செக்கிங் வேலை. ஒரு பாகத்தை ரிஜெக்ட் செய்தால் காரணம் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அது ரிஜெக்ட் செய்தவர் மேசைக்கே திரும்பி வரும் என்பது அங்கே விதி. கம்பெனியில் ஒழுங்காகக் காரணம் சொன்ன மனிதர், கேட்டைத் தாண்டினால் வாயைத் திறப்பதில்லை. படமோ பாயாவோ, "நல்லா இல்ல", அவ்வளவுதான். அந்த விதி அவர் பின்னாலேயே பஸ் ஏறி வந்துவிட்டது.

நாயகிக்கு அவர் பொறுமையாகச் சொன்னார். "முதல் பாதி பூரா சிரிச்சிட்டே இருக்கேம்மா. உனக்குன்னு ஒரு வேலை வெட்டி இல்ல. அப்புறம் நீ செத்தா எனக்கு எப்படி அழுகை வரும்?" அவள் தலையாட்டினாள், எழுந்தாள், வாசலைத் தாண்டியதும் இல்லாமல் போனாள். ஜூடித் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு அவள் மீன் குழம்பு நல்லா இல்ல, புதுப் புடவை நல்லா இல்ல, கோயிலில் பாடும் பாட்டும் நல்லா இல்ல. "எவளோ சினிமாக்காரிக்கு உட்கார்ந்து வெளக்கம் சொல்றீங்க. எனக்கு ஒரு நாளாவது ஏன்னு சொல்லியிருக்கீங்களா?" அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார். ஜூடித் ஃப்ரேசர் டவுனில் இருக்கும் அக்கா சிந்தியா வீட்டுக்குப் போய்விட்டாள்.

பிறகு வருடங்கள் போயின. தனியாக வீட்டில் இருக்க முடியாமல் ரெமிஜியஸ் படத்துக்குப் போனார். படத்துக்குப் போனதால் வீட்டில் ஆட்கள் சேர்ந்தார்கள். பனிமலையில் மெல்லிய புடவையோடு ஆடியவள் தும்மிக்கொண்டே வந்தாள். வேண்டாம் என்ற பெண்ணைப் பாட்டுக்குப் பாட்டு துரத்திய காதலன் வந்தான், அவனைத் திட்டித்தான் அனுப்பினார். திரில்லர்கள் இன்னும் மோசம். மழைக்கோட்டுப் போட்ட கொலைகாரர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் வந்தார்கள். "கிளைமாக்ஸ்ல நின்னு சின்ன வயசுக் கஷ்டத்தைச் சொல்றே பாரு, அங்கேயே எனக்குத் தூக்கம் வந்துடுச்சு. கொல்றவன் இவ்வளவு பேசமாட்டான்ப்பா." கொலைகாரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனான். எல்லோரும் வந்தார்கள், ஜூடித் மட்டும் வரவில்லை. அவள்தான் ஏற்கெனவே காரணம் கேட்டு, கிடைக்காமல் போனவளாயிற்றே. ரெமிஜியஸுக்கு எல்லாம் அலுத்துவிட்டது. அவள் வந்தால் போதும் என்றிருந்தது. போன் பண்ணிக் கூப்பிட மட்டும் வாய் வரவில்லை.

இந்த வருடம் ஈஸ்டர் கழிந்ததும் சிந்தியா தங்கையிடம், அந்த ஆளோடு மறுபடி வாழ்வாயா என்று கேட்டாள். ஜூடித் "வேணாம்" என்றாள். ஏன் என்று சொல்லவில்லை. மறுநாள் காலை ரெமிஜியஸ் கண் விழித்தபோது ஃப்ரேசர் டவுன் வீட்டு ஹாலில், பிளாஸ்டிக் நாற்காலியில், லுங்கியோடு உட்கார்ந்திருந்தார்.

பால் பாக்கெட்டோடு வந்த ஜூடித் பார்த்ததுமே புரிந்துகொண்டாள். "காரணம் வேணுமா?"

"சொல்லிடு. கேட்டுட்டுப் போயிடறேன்." லுங்கியை இழுத்துவிட்டுக்கொண்டார். "மீன் குழம்புல ஒரு கொறையும் இல்ல ஜூடித். நல்லா இருக்குன்னு சொல்ல எனக்கு வரல."

"அதுதான் முதல் காரணம்" என்று ஆரம்பித்தாள். காபி ஆறியது, சிந்தியா சமைத்து முடித்தாள், ஜூடித் அழுதாள், திட்டினாள், மறுபடி அழுதாள். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். கடைசியாக ஒரே ஒரு காரணம் மிச்சமிருந்தது. அதையும் சொல்லிவிட்டால் அவர் எழுந்து வாசலைத் தாண்டி இல்லாமல் போய்விடுவார் என்பது இருவருக்கும் தெரியும். ஜூடித் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "ஒண்ணு பாக்கி இருக்கு. முதல்ல சாப்பிடுங்க" என்றாள்.

இப்போது ரெமிஜியஸ் ஃப்ரேசர் டவுனிலிருந்துதான் பீன்யாவுக்கு பஸ் பிடிக்கிறார். காலையில் செருப்பு மாட்டும்போது, "அந்த ஒண்ணு?" என்று கேட்பார். ஜூடித் டிபன் பாக்ஸை நீட்டி, "சாயந்தரம் சொல்றேன்" என்பாள்.