அவுக சொல்லி முடிக்கட்டும்

"ட, ண, த, ந..."

ந என்றதும் அய்யாக்கண்ணு கண்ணை மூடித் திறந்தார். மனைவி பொன்னுத்தாய் அடுத்ததாக ந, நா, நி என்று வரிசையைத் தொடங்கினாள். முதல் எழுத்திலேயே மறுபடியும் இமை மூடியது. வெறும் ந. மடியிலிருந்த நோட்டில் எழுதிக்கொண்டாள். காலையிலிருந்து சேர்ந்த எழுத்துகள் அதற்கு முன்னால் இருந்தன: நான் போனதும்.

கட்டிலின் கால்மாட்டில் நின்ற மகன் வசந்தகுமார், அந்த இரண்டு வார்த்தைகளைப் பார்த்ததிலிருந்து இடத்தைவிட்டு நகரவில்லை.

நரம்பு நோய் அய்யாக்கண்ணுவின் கைகாலை முதலில் எடுத்தது, பிறகு நாக்கை எடுத்தது. பதினான்கு மாதத்தில் மிச்சம் விட்டது இமைகளை மட்டும்தான். எழுத்து அட்டை காட்டிப் பேச வைக்கலாம் என்று டாக்டர் சொன்னார். வசந்தகுமார் திருச்சியிலிருந்து பளபளவென்று ஒன்று அச்சடித்து வந்தான். பொன்னுத்தாய்க்கு அது தேவைப்படவில்லை. முப்பது வருஷத்துக்கு முன்னால், கீரமங்கலத்துப் பூந்தோட்டங்களில் பூப்பறித்துவிட்டு வந்து, அறிவொளி வகுப்பில் பாட்டாகச் சொல்லிப் படித்த எழுத்துகள் அவளுக்கு வரிசை பிசகாமல் நாக்கில் நின்றன. "படிச்சு எவனுக்கு லெட்டர் போடப் போறே" என்று அன்றைக்கு அய்யாக்கண்ணு கேலி பேசினார். கேலி பேசிய வாய்க்குக் கடைசியில் அந்த எழுத்துதான் கஞ்சி ஊற்றியது.

வசந்தகுமாரை அங்கே நிறுத்தி வைத்தது ஒரு பயம். அப்பாவின் தென்னந்தோப்பை விற்றுத் திருச்சியில் வீடு வாங்க அவன் முடிவுசெய்து ஆறு மாதமாகிறது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. வாய்ப்பேச்சு என்றால் காதில் விழவில்லை என்று தப்பிக்கலாம். இதுவோ எழுதி வைக்கிற சொல். சாகிறவர் எழுத்தெழுத்தாகச் சேர்த்து விட்டுப்போனதை மீறிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட எந்த மகனுக்குக் கை வரும்? நான் போனதும் என்று தொடங்குகிற வாக்கியம் வேறு எங்கே போய் முடியும்?

ல் வந்தது. லா வந்தது. நல்லா. அய்யாக்கண்ணு களைத்துப்போய் அரைமணி நேரம் கண்ணை மூடிக் கிடந்தார். பொன்னுத்தாய் சளி உறிஞ்சும் மெஷினைப் போட்டு, தொண்டையைச் சுத்தம் செய்து, ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். திரும்பவும் க, ங என்று ஆரம்பித்தாள். த என்ற இடத்தில் இமை மூடியதும் வசந்தகுமாரால் பொறுக்க முடியவில்லை.

"தோப்பா, அப்பா? தோப்ப விக்க வேணாங்கிறீங்களா?"

அய்யாக்கண்ணு கண்ணை அசைக்கவில்லை. பொன்னுத்தாய்தான் மகனை ஏறிட்டுப் பார்த்தாள். தோப்பு விற்கிற பேச்சை அவள் கேட்பது அதுவே முதல் தடவை. தன் வாயாலேயே மாட்டிக்கொண்டவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"முந்திரிக்கொட்டை மாதிரி முந்தாத. அவுக சொல்லி முடிக்கட்டும்."

த, தா, தி, தீ, து, தூ. இமை மூடியது. தோ வரைக்கும் போகவே இல்லை. ங். கு. பிறகு பு. ள். ள.

வசந்தகுமார் எட்டிப் பார்த்தான். நான் போனதும் நல்லா தூங்கு புள்ள.

அந்த வீட்டில் அவர் புள்ள என்று கூப்பிடுவது ஒருத்தியைத்தான். அவள் பதினான்கு மாதமாகச் சேர்ந்தாற்போல் இரண்டு மணி நேரம் கண்ணயர்ந்தது கிடையாது. அப்பாடா என்று வந்த மூச்சு வசந்தகுமாருக்குப் பாதியிலேயே நின்றது. வெட்கமாக இருந்தது. இத்தனை எழுத்தில் தன் பெயரோ தோப்போ ஒரு மூலையில்கூட இல்லை.

பொன்னுத்தாய் எழுதியதை விரல் வைத்துப் படித்தாள்.

"இம்புட்டுத்தானா?"

இமை மூடித் திறந்தது.

"சரி. தூங்குறேன்."

பேனாவை மூடினாள். தோப்பைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று மகனிடம் சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் கஞ்சி காய்ச்சப் போனாள்.

மறுநாள் விடிந்து ஏழு மணிக்கு அய்யாக்கண்ணு அடங்கிப்போனார். நல்ல சாவு, கடைசி நேரத்தில் இழுத்துக்கொண்டு கிடக்காமல் போய்ச் சேர்ந்தார் என்று ஊரே சொன்னது. வந்தவர்கள் எல்லாரும் வசந்தகுமாரின் கையைப் பிடித்துக்கொண்டு, கடைசியாக ஏதாவது சொன்னாரா என்று கேட்டார்கள். சொன்னார் என்பதோடு அவன் நிறுத்திக்கொண்டான்.

சாயங்காலம் சுடுகாட்டிலிருந்து ஈர வேட்டியோடு திரும்பியபோது வீடு கழுவியிருந்தது. கூடத்துப் பெண்கள் நடுவில் அம்மாவைக் காணோம். உள்ளறையில், தலைக்கு ஊற்றிய ஈரம்கூட உலராமல், வெறும் பாயில் சுருண்டு கிடந்தாள். திருக்கோகர்ணத்து அத்தை ராசாத்தி, அய்யாக்கண்ணுவின் உடன்பிறந்தவள், அவளை எழுப்ப வந்துகொண்டிருந்தாள். வெளியூர்ச் சனம் அழ வந்து உட்கார்ந்திருக்கிறது, கட்டிப்பிடித்து அழ ஆளில்லை.

"கட்டுனவன் சாம்பல்கூட ஆறல. அதுக்குள்ள என்னடா தூக்கம் இவளுக்கு?"

வசந்தகுமார் நிலைக்கதவில் கையை ஊன்றி மறித்து நின்றான்.

"அப்பாதான் தூங்கச் சொன்னாரு, அத்தை."

"அவன் எங்கடா பேசுனான்?"

"பேசல. எழுத்தெழுத்தாச் சொன்னாரு. நேத்து பூராவும் அதுக்கே ஆச்சு."

ராசாத்தி அவன் முகத்தையே பார்த்தாள். உள்ளேயிருந்து குறட்டைச் சத்தம் வந்தது, உழைத்துக் களைத்தவர்கள் விடுகிற பெருங்குறட்டை. அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கொல்லையில் பாத்திரம் கழுவுகிறவர்கள் பக்கம் திரும்பினாள்.

"அண்டாவ மெதுவா வைங்கடி."